பாட்டுப் பெட்டிக்கு 'டேக்' வாங்குமுன் பார்க்க வேண்டிய கணக்கு



வரி, உரிமம், எடை முத்திரை என்று எழுதிவரும் இந்தப் பக்கத்தில் இம்முறை வீட்டுப் பாட்டுப் பெட்டியைப் பற்றி எழுதுகிறோம். காரணம் இருக்கிறது. சில மாதங்களுக்குள் நம் உறுப்பினர்கள் மூன்று பேர் சரக்கு எடுக்க எங்கள் மண்டிக்கு வந்த இடத்தில் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "பையன் 'டேக்' என்று ஒரு பெட்டி கேட்கிறான். ஆயிரம் ரூபாய்க்கும் இருக்கிறது, ஒன்றரை லட்சத்துக்கும் இருக்கிறதாம். எதை வாங்குவது?"

ஒரே பெயருள்ள சரக்கு ஆயிரத்துக்கும் ஒன்றரை லட்சத்துக்கும் விற்கிறது என்றால் வியாபாரிக்குச் சந்தேகம் வரத்தான் வேண்டும். ஒன்றரை லட்சம் என்பது நம்மில் பலருக்குத் தீபாவளிக் கொள்முதலுக்குக் கொடுக்கும் முன்பணம். கேட்ட மூவரில் ஒருவர் அந்த முன்பணத்திலிருந்தே எடுத்துக் கொடுக்க இருந்தார். ஏனாத்தூரிலும் காஞ்சிபுரத்திலும் மளிகை வைத்திருக்கும் நமக்கு இந்தப் பொருள் புதிதுதான். சரக்கைத் தரம் பார்ப்பது புதிதல்ல. ஆகவே அந்த வழியிலேயே இதையும் பார்ப்போம்.

சரக்கு என்ன?

கைப்பேசியிலும் கணினியிலும் சி.டி.யிலும் இருப்பது பாட்டு அல்ல. பாட்டைப் பற்றிய கணக்கு. பாடுகிறவர் குரல் ஒலிவாங்கியில் உண்டாக்கும் மின் அழுத்தத்தை விநாடிக்கு 44,100 தடவை எடை போட்டு, ஒவ்வொரு எடையையும் ஓர் எண்ணாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஸ்பீக்கருக்கு எண் புரியாது. அதற்கு வேண்டியது ஏறி இறங்கும் மின் அழுத்தம். பேரேட்டிலுள்ள எண்களைப் படித்து அந்த மின் அழுத்தத்தைத் திரும்ப உண்டாக்கித் தருவதே இந்தப் பெட்டியின் வேலை. அதன் ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துக்களைச் சேர்த்து 'டேக்' என்கிறார்கள். நாம் இங்கே 'மாற்றி' என்றே சொல்வோம்.

அது ஏன் 44,100? மனிதக் காது கேட்கக்கூடிய மிகக் கீச்சான ஒலி விநாடிக்கு 20,000 அதிர்வு. அதைப் போல இரண்டு மடங்குக்குச் சற்று மேலே எடை போட்டால், அந்த எல்லைக்குள் உள்ள ஒலி முழுவதையும் திரும்பப் பெறலாம். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்த கிளாட் ஷானன் 1949இல் வெளியிட்ட கட்டுரையில் இதைக் கணக்காகவே நிரூபித்திருக்கிறார். சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து வகுத்த சி.டி. 1982இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதன் அளவு இதுதான். விற்பனையாளர்கள் சிலர் படிக்கட்டு போல ஒரு படம் காட்டி, "சாதாரண மாற்றியில் ஒலி இப்படி உடைந்து உடைந்து வரும்" என்பார்கள். அது சரியல்ல. மாற்றியிலுள்ள வடிகட்டியைத் தாண்டி வெளியே வரும்போது ஒலி அலை வழவழப்பாகவே வருகிறது.

அடுத்து 'பிட்' என்பது. இது எடைக்கல் சமாசாரம். சி.டி. 16 பிட். அதாவது ஒவ்வொரு எடையையும் 65,536 பங்கில் ஒன்று வரை நுணுக்கமாக எழுதுகிறார்கள். ஒரு கிலோவை 65,536 பங்காக்கினால் ஒரு பங்கு சுமார் 15 மில்லிகிராம். சன்ன ரக அரிசிமணி ஒன்றின் எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 பிட் என்றால் பங்கு 1,67,77,216. அப்போது ஒரு கிலோவில் ஒரு பங்கு 0.06 மில்லிகிராம். நகைக்கடையிலும் இவ்வளவு நுணுக்கமான தராசு கிடையாது. பாட்டைப் பதிவு செய்து, கலந்து, திருத்தும் ஸ்டுடியோக்காரர்களுக்கு இந்த நுணுக்கம் தேவைப்படுகிறது, ஏனெனில் அவர்கள் ஒரே கணக்கை நூறு தடவை கூட்டிக் கழிக்கிறார்கள். வீட்டில் உட்கார்ந்து கேட்கிறவருக்கு அரிசிமணித் தராசு போதும். பிலிப்ஸ் கம்பெனி தன் முதல் சி.டி. பெட்டிகளில் 14 பிட் சில்லை வைத்து, எண்களை நான்கு மடங்கு வேகத்தில் ஓட்டி அந்தக் குறையைச் சரிக்கட்டியது. அந்தப் பெட்டிகளை இன்றும் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

192 கிலோஹெர்ட்ஸ், 384 கிலோஹெர்ட்ஸ் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதற்கு அதிக மதிப்புக் கொடுக்க வேண்டியதில்லை. 192 என்றால் 96,000 அதிர்வு வரை ஒலி ஏற்றலாம். அதைக் கேட்க வௌவாலாகப் பிறக்க வேண்டும்.

ஏற்கெனவே வீட்டில் இருக்கிறதா?

கொள்முதலுக்கு முன் இருப்பைப் பார்க்கிறவர்கள் நாம். மாற்றி இல்லாமல் எந்த டிஜிட்டல் பெட்டியும் பாடாது. உங்கள் தொலைக்காட்சியில் ஒன்று இருக்கிறது. கைப்பேசியில், மடிக்கணினியில், புளூடூத் ஸ்பீக்கரில், சவுண்ட் பாரில் ஒவ்வொன்று இருக்கிறது. இப்போது வரும் ஆம்ப்ளிஃபயர்களில் பலவற்றிலும் உள்ளேயே வைத்துத் தருகிறார்கள். ஆம்ப்ளிஃபயரின் பின்புறத்தில் 'ஆப்டிகல்' என்றோ 'யு.எஸ்.பி.' என்றோ ஒரு வாய் இருந்தால், பெரும்பாலும் உள்ளே மாற்றி இருக்கிறது என்று பொருள். ஒரு தடவை கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அப்படியிருந்தால் தனியாக வாங்குவது, நிரம்பிய கிடங்கில் மேலும் சிப்பம் இறக்குவது போலத்தான்.

தனியாக எப்போது தேவை? எங்கள் கணக்கில் இரண்டே சந்தர்ப்பங்கள். ஒன்று, சொருக வாய் இல்லாதது. புதுக் கைப்பேசிகள் பலவற்றில் ஹெட்போன் துளை போய்விட்டது. புதுத் தொலைக்காட்சி பலவற்றில் ஆப்டிகல் வாய் மட்டும் இருக்கிறது. நம் பழைய ஆம்ப்ளிஃபயரிலோ சிவப்பு-வெள்ளை வாய்தான். இடையில் ஒரு மாற்றி வைத்தே ஆக வேண்டும். மற்றொன்று, காதால் கேட்கக்கூடிய குறை. பாட்டு நிற்கும்போது 'ஸ்ஸ்' என்ற இரைச்சல், கணினியில் சுட்டியை நகர்த்தினால் கீச்சுச் சத்தம், ஒலியை முழுவதும் ஏற்றினாலும் போதாமை, இவை போன்றவை. இந்த இரண்டும் இல்லையென்றால் பணத்தைப் பெட்டியில் வையுங்கள்.

விலையைப் பொறுத்த வரை, கட்டை விரல் அளவில் கைப்பேசியில் சொருகும் மாற்றி ஆயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கிறது. ஆப்பிள் கம்பெனி விற்கும் சிறு வால் போன்ற இணைப்பு இவ்வகைதான். கருவி வைத்து அளந்து பார்த்தவர்கள், அது சி.டி. தரத்துக்குக் குறையவில்லை என்றே கண்டிருக்கிறார்கள். ஆனால் சில ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் அதன் ஒலி குறைவாக வருகிறது. எந்தக் கைப்பேசிக்கோ அதிலேயே சொருகிப் பார்த்து வாங்க வேண்டும். மேசைமேல் வைக்கும் பெட்டிகள் 5,000 முதல் 15,000 ரூபாய்க்குள் நல்லதாகவே வருகின்றன. சில நூறு ரூபாய்க்குப் பெயரில்லாமல் வரும் பெட்டிகளை மட்டும் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அவற்றில் இரைச்சல் கேட்பது உண்டு. இவ்விடத்தில் மாற்றிக்கு மாற்றி வித்தியாசம் உண்மையாகவே இருக்கிறது. ஐயாயிரத்துக்கு மேலே போகப் போக அந்த வித்தியாசம் அளக்கும் கருவிக்குத் தெரிகிற அளவுக்குக் காதுக்குத் தெரிவதில்லை.

தொலைக்காட்சிக்கு மாற்றி வாங்கியவர்கள் "பெட்டி வேலை செய்யவில்லை" என்று திருப்பிக் கொண்டுபோவதை இரண்டு தடவை பார்த்துவிட்டோம். பெட்டியில் குறை இல்லை. தொலைக்காட்சியின் ஒலி அமைப்பில் போய், டிஜிட்டல் வெளியீட்டை 'பி.சி.எம்.' என்று மாற்ற வேண்டும். டால்பி என்றிருந்தால் சாதாரண மாற்றிக்கு அந்தக் கணக்கைப் படிக்கத் தெரியாது. ஊமையாக இருக்கும் அல்லது கரகரவென்று கத்தும்.

தராசில் கட்டை விரல்

கடையில் இரண்டு பெட்டிகளை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டுவார்கள். விலை கூடின பெட்டி நன்றாகத்தான் கேட்கும். இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். ஒரே பாட்டைச் சற்று உரக்க வைத்தால், மனிதக் காது அதை 'உரக்கம்' என்று எடுத்துக்கொள்ளாமல் 'தெளிவு' என்று எடுத்துக்கொள்கிறது. ஒரு மாற்றி 2 வோல்ட் தருகிறது, மற்றது 2.5 வோல்ட் தருகிறது என்றால் இரண்டுக்கும் ஏறக்குறைய 2 டெசிபல் வித்தியாசம். கேட்கிறவருக்கு ஒலி கூடியதாகத் தோன்றாது. வீணையின் தந்தி நன்றாகக் கேட்கிறது, குரல் முன்னே வருகிறது என்று தோன்றும். விற்பனையாளர் ஏமாற்ற வேண்டும் என்று நினைக்க வேண்டியதே இல்லை. பெட்டியே தராசில் கட்டை விரலை வைத்து அழுத்துகிறது.

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் எங்களுக்கும் இதே காட்சி நடந்தது. "சார், வித்தியாசம் தெரியுதா?" என்றார் பையன். தெரிந்தது. "தம்பி, ரெண்டையும் ஒரே அளவு சத்தத்துல வெச்சுக் காட்டுங்க" என்றோம். "அதுக்கு மீட்டர் வேணும் சார்" என்றார். கெட்டிக்காரப் பையன், விஷயம் தெரிந்திருக்கிறது.

மீட்டர் என்பது எலக்ட்ரீஷியன் வைத்திருக்கும் சாதாரண மல்டிமீட்டர்தான். 100 ஹெர்ட்ஸ் ஓசையுள்ள ஒரு கோப்பை ஓட்டி, மாற்றியின் வெளியீட்டில் ஏ.சி. வோல்ட் எவ்வளவு என்று பாருங்கள். இரண்டு மாற்றிகளும் ஒரே எண் காட்டுமாறு ஒலியைத் திருத்துங்கள். பிறகு பெட்டிகளைத் துணி போட்டு மூடிவிட்டு, ஒருவர் மாற்றி மாற்றிச் சொருக, மற்றவர் கேட்டு எது என்று சொல்ல வேண்டும். அரிசி சாம்பிள் வந்தால் எந்த ஆலைச் சரக்கு என்ற சீட்டை மறைத்து வேகவைத்துப் பார்க்கிறோமே, அந்த முறைதான். எங்கள் வீட்டில் ஆயிரம் ரூபாய் மாற்றியையும், ஒரு நண்பரிடம் இரவல் வாங்கிய 40,000 ரூபாய் மாற்றியையும் இப்படிச் சோதித்தோம். வீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தோம். பத்து தடவையில் ஐந்து, ஆறு என்றுதான் எல்லோருக்கும் சரியாக வந்தது. காசைச் சுண்டிப் போட்டாலும் ஐந்து வரும்.

பட்டுச் சேலை ஜரிகையைச் சற்றே சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிகிறதா என்று நம் ஊரில் சிறுபிள்ளையும் பார்க்கும். மாற்றியைச் சுரண்டிப் பார்க்க முடியாது. அதற்கு இந்தத் துணி மூடும் சோதனை ஒன்றுதான் வழி.

சில்லின் பெயர்

"உள்ளே என்ன சில்லு?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். மாற்றியின் உயிர் ஒரு சின்னச் சில்லு. உலகில் இதைச் செய்யும் கம்பெனிகள் சிலவே. ஜப்பானின் ஏ.கே.எம்., அமெரிக்காவின் இ.எஸ்.எஸ்., சிரஸ் லாஜிக், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஆகியவை முக்கியமானவை. ஆயிரம் ரூபாய்ப் பெட்டியும் லட்ச ரூபாய்ப் பெட்டியும் பெரும்பாலும் இவர்களில் ஒருவரிடமிருந்துதான் சில்லு வாங்குகின்றன. மீதி விலை அலுமினியப் பெட்டி, மின்சப்ளை, விளம்பரம், இறக்குமதி வரி, கைமாறிய ஒவ்வொரு இடத்திலும் ஏறிய லாபம். மொத்த வியாபாரியிடம் இதை விளக்க வேண்டியதில்லை.

2020 அக்டோபர் 20ஆம் தேதி, ஜப்பானின் நோபியோகா நகரிலிருந்த ஏ.கே.எம். தொழிற்சாலை தீப்பிடித்தது. மூன்று நாளைக்கு மேல் எரிந்தது. சந்தையில் அந்தச் சில்லுக்குப் பெரும் தட்டுப்பாடு, விலை எகிறியது, கையில் இருப்பு வைத்திருந்தவர்கள் நல்ல காசு பார்த்தார்கள். வெங்காயத்துக்கு நாசிக்கில் மழை பெய்த கதைதான். பெட்டி செய்யும் கம்பெனிகள் பல என்ன செய்தன தெரியுமா? உள்ளே ஏ.கே.எம். சில்லை எடுத்துவிட்டு இ.எஸ்.எஸ். சில்லை வைத்து, பெயரில் ஒரு எழுத்தோ எண்ணோ மாற்றி விற்றன. அதுவரை "ஏ.கே.எம். என்றால் வெல்வெட்டு" என்று சொல்லி விற்றவர்கள், மறு மாதம் "இ.எஸ்.எஸ். என்றால் கண்ணாடி" என்று விற்றார்கள். வியாபாரம் நின்றதா? இல்லை. சில்லின் பெயருக்குத் தனி விலை கேட்டால் கொடுக்க வேண்டாம் என்பது இதிலிருந்து எங்களுக்குப் பட்டது.

பாட்டில் இருப்பதுதான் வரும்

டி.கே. பட்டம்மாள் 1919இல் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். 1947இல் வந்த 'நாம் இருவர்' படத்தில் அவர் பாடிய பாரதி பாடல்கள் நம் பெற்றோர் தலைமுறைக்கு உயிர். அவை 78 சுழற்சித் தட்டுக்களில் வீடு வீடாகச் சென்றவை. அந்தத் தட்டில் மிகக் கீச்சான ஒலிகள் ஏறவில்லை. ஏறாததை எந்த மாற்றியும் கொண்டுவர முடியாது. ஆனால் அதே பாட்டை இரண்டு கம்பெனிகள் தட்டிலிருந்து கணினிக்கு மாற்றியிருந்தால், இரண்டும் இரண்டு விதமாக இருக்கும். ஒருவர் கீறல் சத்தத்தை எடுக்கிறேன் என்று குரலின் ஓரத்தையும் சேர்த்துச் சீவியிருப்பார். மற்றவர் கீறலை விட்டு, குரலைக் காப்பாற்றியிருப்பார். இந்த வித்தியாசம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் தெரியும், துணி மூடும் சோதனையே வேண்டாம். நல்ல பிரதியைத் தேடுவதற்குச் செலவிடும் ஒரு மாலைப் பொழுது, இருபதாயிரம் ரூபாய் மாற்றியைவிட அதிகம் தரும். புதிய பதிவு வேண்டுமானால், 1992இல் வந்த 'ரோஜா' பாட்டுக்களைப் போட்டுப் பாருங்கள். அடி ஒலி தெளிவாக வரவில்லையென்றால் குறை ஸ்பீக்கரில் அல்லது அறையில். மாற்றியில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

நம் வயதுக்காரர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். வயது ஏற ஏறக் காது முதலில் இழப்பது கீச்சு ஒலியை. அறுபதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கு 15,000 அதிர்வுக்கு மேல் எதுவும் கேட்பதில்லை. அரிசி ஆலையிலும் விசைத்தறிப் பக்கத்திலும் உழைத்தவர்களுக்கு இன்னும் முன்னதாகவே மங்கும். 85 டெசிபலுக்கு மேற்பட்ட சத்தத்தில் நாள்தோறும் 8 மணி நேரம் நிற்பது காதுக்குக் கேடு என்பது மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட அளவு. "பாட்டு முன்னே மாதிரி இல்லை" என்று நமக்குத் தோன்றினால், புது மாற்றி வாங்குவதற்கு முன் காது மருத்துவரிடம் ஒரு கேட்புப் பரிசோதனை செய்துகொள்வது சிக்கனம். கடையில் வாடிக்கையாளர் சொல்லும் பாக்கித் தொகையைச் சரியாகக் கேட்கவும் அது உதவும்.

கீழே கடை, மேலே வீடு

இனிச் சொல்வதுதான் நம்மவர்களுக்கு மிக முக்கியம். கீழே கடை, மேலே வீடு என்று இருக்கும் இடங்களில் பாட்டுப் பெட்டியில் 'ம்ம்ம்' என்று ஒரு உறுமல் நிற்காமல் கேட்கும். கடை ஃப்ரீசர் மோட்டார் கிளம்பும்போது 'டப்' என்று ஒரு சத்தமும் வரும். உடனே "மாற்றி சரியில்லை, நல்லதாக வாங்குங்கள்" என்று யாராவது சொல்வார்கள்.

உறுமல் மின்சாரத்தின் விநாடிக்கு 50 துடிப்பிலிருந்து வருகிறது. கணினி சார்ஜர் ஒரு பிளக்கில், ஆம்ப்ளிஃபயர் வேறொரு பிளக்கில் இருக்கும். இரண்டின் எர்த்தும் வெவ்வேறு வழியாகச் சுற்றி வர, இடையிலுள்ள ஒலிக் கம்பி வழியாகவும் சிறு மின்னோட்டம் ஓடும். அதுவே உறுமல். சோதிப்பது சுலபம். மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். உறுமல் நின்றால் குற்றவாளி அகப்பட்டான்.

சில எலக்ட்ரீஷியன்கள் இதற்கு ஒரு கைவைத்தியம் செய்கிறார்கள்: ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் மூன்றாவது முனையை உடைத்துவிடுவது, அல்லது எர்த் கம்பியைக் கழற்றிவிடுவது. உறுமல் நிற்கும், உண்மை. ஆனால் உள்ளே மின்கசிவு ஏற்பட்டால் அந்த இரும்புப் பெட்டியைத் தொடுகிறவர் உயிருக்கு எந்தக் காப்பும் இல்லை. வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். தயவுசெய்து இதை யாரும் அனுமதிக்க வேண்டாம். செய்திருந்தால் இன்றைக்கே சரி செய்யுங்கள். எல்லாவற்றையும் ஒரே பலகையிலுள்ள பிளக்குகளில் சொருகினாலே பாதி உறுமல் அடங்கும். மீதிக்கு ஆப்டிகல் கம்பி. அதன் வழியே போவது வெளிச்சம். செம்பு இல்லாததால் மின்னோட்டம் சுற்ற வழியே இல்லை. ஆகவே நம் வீடுகளுக்கு மாற்றி வாங்கினால் ஆப்டிகல் வாய் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். நாங்கள் பார்க்கும் முதல் தகுதி இதுதான். பிட்டும் கிலோஹெர்ட்ஸும் பிறகு.

பணம் போகும் வழி

மொத்தம் 50,000 ரூபாய் செலவிட எண்ணினால், 30,000 முதல் 35,000 வரை ஸ்பீக்கருக்குப் போகட்டும். 10,000-12,000 ஆம்ப்ளிஃபயருக்கு. மாற்றிக்கு 5,000 போதும். ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் குரலே மாறும். அதைச் சோதிக்க மீட்டரும் வேண்டாம், துணியும் வேண்டாம். எங்களுக்குத் தெரிந்த அரிசி மண்டிக்காரர் ஒருவர் 70,000 ரூபாய் மாற்றியை, ஓரத்து ரப்பர் கிழிந்த பழைய ஸ்பீக்கரோடு இணைத்து வைத்திருக்கிறார். கிழிசலும் மிகத் தெளிவாகக் கேட்கிறது.

பில் இல்லாமல் குறைந்த விலைக்குத் தருகிறோம் என்றால், வெளிநாட்டிலிருந்து பையில் வந்த சரக்காக இருக்கலாம். பழுதானால் கம்பெனி பொறுப்பேற்காது. கூட வரும் மின்சார அடாப்டரில் ஐ.எஸ். எண்ணும், 'ஆர்' என்று தொடங்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனப் பதிவு எண்ணும் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கடையின் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்து பில் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வாங்கிய மாற்றிக்கு உள்ளீட்டு வரி வரவு எடுக்கலாமா என்று ஒருவர் கேட்டார். கூடாது. 2017ஆம் ஆண்டு மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவு, சொந்த உபயோகத்துக்கான பொருள்களுக்கு அந்த வரவை மறுக்கிறது. எடுத்துவிட்டால் பின்னால் வட்டியோடு திருப்ப வேண்டிவரும். சரி, பெட்டியைக் கடையிலேயே வைத்து வாடிக்கையாளர் கேட்கப் பாட்டுப் போடுகிறோம் என்றால், அதற்கு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமம் பெற வேண்டியிருக்கிறது. அது தனியே எழுத வேண்டிய விஷயம். அடுத்த இதழில் எழுதுகிறோம்.